படர்தாமரையைப் படரவிடுவது யார்?

கொல்கத்தாவில் ஜூன் மாதம் தொடங்கும் மழை துர்க்கா பூஜை வரையிலும் நீடிக்கிறது. ஆதிகங்கை என்றும் டாலி நாலா என்றும் அழைக்கப்படும் கால்வாயையொட்டி டாலிகஞ்சில் நெருங்கிக் கிடக்கும் குடிசைப் பகுதிகளில், இம்மாதங்களில் துவைத்த துணி முழுவதும் உலர்வதே அரிது. பாதி உலர்ந்த சீருடையோடு பள்ளிக்குச் செல்லும் குழந்தைகளின் கழுத்திலும் இடுப்பிலும் தொடையிடுக்கிலும் வட்ட வட்டமாக அரிப்புப் படை தோன்றும் காலமும் இதுவே. வங்காளிகள் இதனைத் ‘தாத்’ என்பர். ‘தத்ரு’ என்னும் வடசொல்லின் திரிபு அது. தமிழில் படர்தாமரை என்றும் வண்டுகடி என்றும் வழங்குகிறோம். ஆங்கிலப் பெயரோ வளையப் புழு என்று பொருள்படுவது. இந்நோயில் வண்டும் இல்லை, புழுவும் இல்லை. தோலின் மேலடுக்கிலும் முடியிலும் நகத்திலும் உள்ள கெரட்டின் என்னும் புரதத்தைத் தின்று வாழும் பூஞ்சையே இதற்குக் காரணம்.

உழைக்கும் மக்களின் வாழ்வாதாரப் போராட்டங்கள் நிறைந்த ஏட்டில் சொறி சிரங்கைப் பற்றிய கட்டுரைக்கு என்ன இடம் என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். இரண்டு மூன்று வாரங்கள் களிம்பு தடவினால் ஆறிவிடும் எளிய நோயாகவே படர்தாமரை நெடுங்காலம் இருந்தது. 2010களின் நடுப்பகுதியிலிருந்து நாடெங்கும் தோல் மருத்துவர்கள் வேறொரு நிலைமையைக் கண்டு வருகின்றனர். மாதக்கணக்கில் ஆறாத, ஆறினாலும் மீண்டும் மீண்டும் திரும்பி வருகிற, ஒருவரிடமிருந்து வீடு முழுவதும் பரவுகிற படர்தாமரையோடு நோயாளிகள் வருகின்றனர். முன்பெல்லாம் குழந்தைகளின் உடலில் இது அவ்வளவாகக் காணப்பட்டதில்லை; இப்போது தாயின் இடுப்பிலிருந்து கைக்குழந்தையின் மேனிக்கும் தாவுகிறது. எளிய நோய் இவ்வளவு கடிய நோயாக மாறியதற்குத் தட்பவெப்பமும் நெரிசலும் மட்டும் காரணமல்ல. மருந்துக் கடையில் கேட்டவுடன் கிடைக்கும் ஒரு களிம்புக் குழாயும், அதை அவ்வாறு கிடைக்கச் செய்யும் இலாப ஏற்பாடும் முதன்மையான காரணங்கள் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இனங்காணும் வகை

முதலில் நோயை அறிந்துகொள்வோம். உடலில் வரும் படர்தாமரை சிறு சிவந்த புள்ளியாகத் தொடங்கி வட்டமாக விரிகிறது. அதன் விளிம்பு சற்றே தடித்து, செதில் உதிர்ந்து, சில வேளைகளில் சிறு கொப்புளங்களோடு காணப்படும். நடுப்பகுதி தெளிந்து தோன்றும். அரிப்பு மிகுதி. கருநிற மேனியில் விளிம்பு சிவப்பாகத் தெரியாமல் கருமையாகவோ பழுப்பாகவோ தெரியலாம்.

தலையில் வரும் படை பெரும்பாலும் பூப்புப் பருவத்துக்கு முந்தைய குழந்தைகளையே பற்றும். ஓரிடத்தில் முடி உதிர்ந்து செதில் படியும். முடி தோலோடு ஒட்டி ஒடிவதால் கரும்புள்ளிகளாகத் தெரியும். பின்கழுத்தில் நெறி கட்டலாம். சில குழந்தைகளுக்கு அவ்விடம் வீங்கி, சீழ் கோத்து, தொட்டால் பஞ்சுபோல் அமுங்கும். கெரியான் எனப்படும் இந்நிலையைச் சாதாரணக் கட்டி என்று கருதிக் கீறிவிடுவதுண்டு. கீறுவது பயனற்றது. உரிய மருந்து தாமதமானால் அவ்விடத்தில் முடி மீண்டும் முளைக்காமலே போகலாம்.

வட்டமாகத் தோன்றுவதெல்லாம் படர்தாமரை அன்று. அரிப்பும் செதிலும் இன்றி வழவழப்பாக முடி கொட்டினால் அது புழுவெட்டாக இருக்கலாம். குழந்தையின் கன்னத்தில் தோன்றும் வெளிறிய திட்டு பெரும்பாலும் தீங்கற்ற வறட்சித் திட்டே. மார்பிலும் முதுகிலும் பரவும் தேமல் வேறொரு பூஞ்சையால் வருவது. எல்லாவற்றிலும் முக்கியமானது, உணர்ச்சியற்ற திட்டு. அரிப்பின்றி, தொட்டால் தெரியாத மங்கலான திட்டு இருந்தால் அது தொழுநோயா என்று உடனே பார்க்க வேண்டும். தொழுநோய்க்கான கூட்டு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கிறது. காலத்தே தொடங்கினால் ஊனமின்றி முற்றிலும் குணமாகும்.

ஐயமிருந்தால் தீர்த்துக்கொள்ள எளிய சோதனை உண்டு. படையின் விளிம்பிலிருந்து சிறிது செதிலைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் பூஞ்சையின் இழைகள் தெரியும். இதற்கு அரைமணி நேரம் போதும், செலவும் சொற்பம். மலேரியாவுக்கும் காசநோய்க்கும் நுண்ணோக்கி வைத்திருக்கும் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இதனைச் செய்ய இயலும். ஆனால் பெரும்பாலான இடங்களில் இது செய்யப்படுவதில்லை.

குழாய்க்குள் இருப்பது

தென் கொல்கத்தாவின் வீடுகளில் பாத்திரம் துலக்கவும் துணி துவைக்கவும் தெற்கு 24 பர்கானா மாவட்டத்திலிருந்து விடியற்காலை ரயிலில் வந்திறங்கும் பெண்களை எண்ணிப் பாருங்கள். அவர்களது கை எப்போதும் நீரில். புடவை எப்போதும் ஈரம். புறநோயாளர் பிரிவில் காத்திருக்க ஒரு நாள் விடுப்பு எடுத்தால் கூலியும் போகும், சில வேளைகளில் வேலையும் போகும். புறநகர் ரயிலிலேயே ‘தாத், ஹாஜா, சுல்கானி’ என்று கூவிக் களிம்பு விற்பவர் ஏறுகிறார். ரயிலை விட்டு இறங்கினால் மருந்துக் கடை. குழந்தைக்கு அரிக்கிறது என்றதும் கடைக்காரர் ஒரு குழாயை எடுத்துத் தருகிறார். தடவிய மறுநாளே அரிப்பு நிற்கிறது, சிவப்பு மறைகிறது. இதைவிட நல்ல மருந்து உண்டா என்று யாருக்குத்தான் தோன்றாது?

அந்தக் குழாய்களில் பல, மூன்று அல்லது நான்கு மருந்துகளின் கலவை: ஒரு பூஞ்சைக்கொல்லி, ஒன்றிரண்டு பாக்டீரியக்கொல்லிகள், இவற்றோடு குளோபீட்டசால் அல்லது பீட்டாமெத்தசோன் போன்ற வீரியமிக்க ஸ்டீராய்டு. அரிப்பை மறுநாளே நிறுத்துவது ஸ்டீராய்டுதான். அது பூஞ்சையைக் கொல்வதில்லை. பூஞ்சையை எதிர்த்துத் தோல் நடத்தும் போரை நிறுத்திவிடுகிறது. சிவப்பும் அரிப்பும் அந்தப் போரின் அடையாளங்கள். அவை அடங்கியவுடன் பூஞ்சை எதிர்ப்பாரின்றி அகலமாகவும் ஆழமாகவும் பரவுகிறது. வட்ட வடிவம் கலைந்து, மருத்துவராலும் எளிதில் அடையாளம் காண முடியாத உருவை நோய் அடைகிறது. களிம்பை நிறுத்தினால் அரிப்பு முன்னிலும் கடுமையாகத் திரும்புகிறது. எனவே மீண்டும் அதே குழாயை வாங்குகிறார்கள். நோயாளி நிரந்தர வாடிக்கையாளராகிவிடுகிறார்.

குழந்தைகளின் தோல் மெல்லியது. உடல் எடையோடு ஒப்பிட்டால் அதன் பரப்பும் அதிகம். ஆதலால் ஸ்டீராய்டு எளிதில் இரத்தத்தில் கலக்கிறது. தோல் நைந்து மெலிவதும், தொடையிலும் அக்குளிலும் என்றென்றும் மறையாத வரித்தழும்புகள் விழுவதும் கண்ணுக்குத் தெரியும் தீங்குகள். நீண்ட நாள் தடவினால் உடல் தானே சுரக்கும் ஹார்மோன் குன்றி வளர்ச்சி தடைப்படுவது கண்ணுக்குத் தெரியாத தீங்கு.

அரைகுறைச் சிகிச்சை பூஞ்சையையும் பழக்கிவிட்டது. டெர்பினாபின் என்னும் முதன்மையான மருந்துக்குக் கட்டுப்படாத மரபணு மாற்றம் பெற்ற ஒரு பூஞ்சை இன்று இந்தியாவில் பரவலாக உள்ளது. 2020இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதற்கு டிரைக்கோபைட்டான் இண்டோட்டினியே என்று பெயரிட்டனர். நம் நாட்டின் பெயர் அதன் பெயருக்குள் இடம்பெற்றுவிட்டது. 2023இல் நியூயார்க் நகரில் இருவரிடம் அது கண்டறியப்பட்டதாக அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் அறிவித்தது. அவர்களில் ஒருவர் அண்மையில் வெளிநாடு எதற்கும் சென்றதே இல்லை.

சட்டமும் சந்தையும்

அரசுக்கு இது தெரியாததன்று. இந்தியத் தோல் மருத்துவர்கள் சங்கம் ஸ்டீராய்டுக் களிம்புகளின் முறைகேடான பயன்பாட்டுக்கு எதிராகத் தனிப் பணிக்குழுவே அமைத்தது. 2018 மார்ச்சில் ஒன்றிய அரசு 14 ஸ்டீராய்டுகளின் களிம்புகளை அட்டவணை ‘எச்’க்குள் கொண்டுவந்து, மருத்துவர் சீட்டின்றி அவற்றை விற்கலாகாது என்று ஆணையிட்டது. அதற்கு முன்பே, பகுத்தறிவுக்கு ஒவ்வாத கூட்டு மருந்துகளை ஆராய அமைக்கப்பட்ட கோகடே குழுவின் அறிக்கையை அடுத்து, 2016 மார்ச் 10 அன்று 344 கூட்டு மருந்துகள் தடைசெய்யப்பட்டன. நிறுவனங்கள் நீதிமன்றம் சென்றன. அதே ஆண்டு டிசம்பரில் டெல்லி உயர்நீதிமன்றம் தடையை நீக்கியது. உச்சநீதிமன்றத்தின் உத்தரவுப்படி மறு ஆய்வு நடந்து, 2018 செப்டம்பரில் 328 கூட்டு மருந்துகள் மீண்டும் தடைசெய்யப்பட்டன. ஸ்டீராய்டு கலந்த சில பூஞ்சைக் களிம்புகளும் அந்தப் பட்டியலில் இருந்தன.

இருந்தும் கடை அலமாரி காலியாகவில்லை. ஏன்? விலைக் கட்டுப்பாட்டின் அமைப்பைப் பார்த்தால் விடை கிடைக்கும். குளோட்ரிமசோல் போன்ற எளிய பூஞ்சைக் களிம்பு தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளது. 2013ஆம் ஆண்டு மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணையின்படி அதற்கு உச்ச விலை உண்டு. அதே மருந்தோடு பட்டியலில் இல்லாத ஒரு சேர்மானத்தைக் கலந்து புதிய வணிகப் பெயர் சூட்டினால், அந்தக் கலவை உச்ச விலைக்குள் வருவதில்லை. ஒரு கலவை தடைசெய்யப்பட்டால் சேர்மானத்தைச் சற்று மாற்றி மற்றொன்றைச் சந்தைக்கு அனுப்பலாம். மருத்துவத் தேவை எதுவும் இந்தக் கலவைகளைப் பிறப்பிக்கவில்லை. விலை ஆணையில் விடப்பட்ட சந்து பிறப்பித்தது.

1974இல் அமைக்கப்பட்டு 1975இல் அறிக்கை அளித்த ஹாத்தி குழு, மருந்துகளின் வணிகப் பெயர்களைப் படிப்படியாக ஒழிக்க வேண்டும் என்றும், பன்னாட்டு மருந்து நிறுவனங்களை நாட்டுடைமையாக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. ஐம்பதாண்டுகளுக்குப் பின்னும் பெரிய எழுத்தில் வணிகப் பெயரும், பூதக்கண்ணாடிக்கும் புலப்படாத எழுத்தில் சேர்மானமும் அச்சிட்ட குழாயைத்தான் எழுதப் படிக்கத் திணறும் ஒரு தாயின் கையில் கொடுக்கிறோம்.

இங்கே நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. மருத்துவரை அணுக முடியாததால்தானே ஏழைகள் கடைக்குச் செல்கின்றனர், அந்த வழியையும் அடைத்தால் அவர்கள் எங்கே போவார்கள் என்பது அது. மறுப்பில் உண்மை இருக்கிறது. சீட்டுக் கட்டாயம் மட்டும் எதையும் தீர்க்காது. ஆனால் அதிலிருந்து வரும் முடிவு, நச்சுக் கலவையைக் கடையில் விட்டுவைக்க வேண்டும் என்பதாக இருக்க முடியாது. கலவை அகற்றப்பட வேண்டும். ஸ்டீராய்டு இல்லாத எளிய களிம்பு வசிப்பிடத்துக்கு அருகிலேயே, மாலை வேளையிலும், இலவசமாகக் கிடைக்க வேண்டும். இரண்டும் ஒருசேர நடக்க வேண்டியவை. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் நிறுவப்பட்டு, மருந்துகளை அவற்றின் மூலப் பெயரிலேயே மொத்தமாக வாங்கி அரசு மருத்துவமனைகளுக்கு வழங்கி வருகிறது. மூலப் பெயரில் மருந்து வழங்குவது இயலாத காரியம் என்று இனி எவரும் சொல்ல முடியாது.

செய்யவேண்டிய மருத்துவம்

உடலில் ஓரிரண்டு வட்டங்கள் மட்டுமே இருந்தால் குளோட்ரிமசோல் அல்லது மைக்கோனசோல் களிம்பு போதும். வாங்கும்போது குழாயின் சேர்மானத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு மருந்தின் பெயர் இருக்க வேண்டும். பல பெயர்கள் இருந்தாலோ, பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால், பெக்ளோமெத்தசோன், மொமெட்டசோன் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலோ திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இடத்தைக் கழுவி நன்கு உலர்த்தி, நாளுக்கு இருமுறை, வட்டத்தின் விளிம்பைத் தாண்டி இரண்டு விரற்கடை அளவு வெளியிலும் தடவ வேண்டும். வட்டம் மறைந்த பின்னும் இரண்டு வாரங்கள் தொடர வேண்டும். அரிப்பு நின்றதும் நிறுத்திவிடுவதே நோய் திரும்பி வருவதற்குப் பெருங்காரணம்.

தலையில் வரும் படைக்குக் களிம்பு போதாது. பூஞ்சை முடியின் வேருக்குள் இருப்பதால் உள்மருந்து இன்றியமையாதது. கிரைசியோபுல்வின் என்றால் ஆறு முதல் எட்டு வாரங்களும், டெர்பினாபின் என்றால் பெரும்பாலும் நான்கு வாரங்களும் தேவைப்படும். குழந்தையின் எடைக்கேற்ற அளவை மருத்துவரே முடிவுசெய்ய வேண்டும். கிரைசியோபுல்வினைப் பாலோடோ கொழுப்புள்ள உணவோடோ கொடுத்தால்தான் உடலில் நன்கு சேரும். மொட்டையடிக்கத் தேவையில்லை. முகத்தில் படை வந்தாலும், கைக்குழந்தைக்கு வந்தாலும், உடலின் பல இடங்களில் பரவியிருந்தாலும், இரண்டு மூன்று வாரங்களில் குறையாவிட்டாலும், முன்பே கலவைக் களிம்பு தடவியிருந்தாலும் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். முன்பு தடவிய குழாயையும் உடன் எடுத்துச் செல்வது நல்லது.

நாட்டு மருந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சீமையகத்தியை வண்டுகொல்லி என்று நம் முன்னோர் அழைத்தனர். வங்காளத்தில் அதன் பெயர் ‘தாத்மர்தன்’. இரு மொழிகளும் ஒரே செடியை இந்நோயின் பகையாகக் கண்டறிந்தது தற்செயலன்று. அதன் இலைக்குப் பூஞ்சையை ஒடுக்கும் தன்மை உண்டு. ஆனால் தலைப் படைக்கும், பரவிவிட்ட நோய்க்கும் அது போதாது. மண்ணெண்ணெய், சுண்ணாம்பு, அரைத்த பூண்டு ஆகியவற்றைக் குழந்தையின் தோலில் வைத்துப் புண்ணாக்குவதை அறவே தவிர்க்க வேண்டும்.

விரைவில் பலன் காட்டும் சிகிச்சை பின்னாளில் என்ன விலை கேட்கும் என்பதற்கு வரலாற்றில் ஒரு கொடிய சான்று உண்டு. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் குழந்தைகளின் தலைப் படைக்கு எக்ஸ் கதிரைச் செலுத்தி முடி முழுவதையும் உதிரச் செய்வது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வழக்கமான மருத்துவமாக இருந்தது. 1948 முதல் 1960 வரை இஸ்ரேலில், வட ஆப்பிரிக்காவிலிருந்தும் மேற்காசியாவிலிருந்தும் வந்து குடியேறிய குடும்பங்களின் குழந்தைகள் பல்லாயிரவர் இதற்கு ஆளாயினர். அவர்களிடையே மூளைக் கட்டிகளும் தைராய்டுப் புற்றும் மிகுந்திருப்பதை 1974இல் வெளியான ஆய்வு காட்டியது. இழப்பீட்டுச் சட்டம் வர 1994 ஆயிற்று. இத்தனைக்கும் கிரைசியோபுல்வின் 1939இலேயே பிரித்தெடுக்கப்பட்டிருந்தது. படைக்கு அது உள்மருந்தாகும் என்று கண்டறிந்தது 1958இல்தான். ஏழைக் குழந்தையின் தோல்நோய்க்குத் தீர்வு தேட எவரும் அவசரப்படுவதில்லை. அவள் மேனியில் எதையும் செய்து பார்க்க மட்டும் எவரும் தயங்குவதில்லை.

தடுப்பு: யாருடைய தூய்மை?

துண்டு, சீப்பு, தொப்பி, தலைப்பூட்டு, உள்ளாடை ஆகியவற்றைக் குழந்தைகள் மாற்றிப் பயன்படுத்தலாகாது. குளித்தபின் விரலிடுக்கும் தொடையிடுக்கும் ஈரமின்றித் துடைக்கப்பட வேண்டும். நோயுற்றவரின் துணியைத் தனியே வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்த வேண்டும். வெயில் இல்லாத நாளில் தையலோரங்களில் அழுத்தி இஸ்திரி போடலாம். இறுக்கமான செயற்கை இழை ஆடைகளைத் தவிர்க்க வேண்டும். முடி உதிர்ந்த பூனை, நாய்களைக் குழந்தைகள் கொஞ்ச விடக் கூடாது. முக்கியமாக, வீட்டில் எவருக்கெல்லாம் படை உள்ளதோ அவர்கள் அனைவருக்கும் ஒரே காலத்தில் மருத்துவம் செய்ய வேண்டும். ஒருவரை விட்டுவிட்டால் அவரிடமிருந்து மீண்டும் எல்லோருக்கும் வரும். சிகிச்சை தொடங்கிய குழந்தையைப் பள்ளியிலிருந்து விலக்கி வைக்கத் தேவையில்லை.

இவ்வளவும் சரியே. ஆனால் ஒரே அறையில் ஆறு பேர் உறங்கும் வீட்டில் ஆளுக்கொரு துண்டை எங்கே உலர்த்துவது? தெருக்குழாயில் காலையில் வரும் தண்ணீர் குளிக்கவே போதாத இடத்தில் வெந்நீரில் தனியாகத் துவைப்பது எப்படி? இருப்பது ஒரே சீருடை என்றால், மழையில் நனைந்த மறுநாள் எதை அணிவது? தூய்மை அறிவுரையை மட்டும் சொல்லிவிட்டு வருவது, நோயின் பழியைத் தாயின் மீது சுமத்திவிட்டு வருவதாகவே முடியும். இரண்டாவது சீருடை, போதிய தண்ணீர், துணி உலர்த்த வெளி, காற்றோட்டமுள்ள வீடு ஆகியவையும் படர்தாமரைக்கான மருந்துகளே. அவற்றைக் களிம்புக் கடையில் வாங்க இயலாது. அரசிடமிருந்து போராடியே பெற வேண்டும்.

நமது வேலை

எனவே ஒவ்வொரு கிளையும் தன் பகுதியில் சிலவற்றைச் செய்ய முடியும். அருகிலுள்ள சுகாதார நிலையத்தில் ஸ்டீராய்டு இல்லாத பூஞ்சைக் களிம்பும் கிரைசியோபுல்வினும் இருப்பில் உள்ளனவா, செதில் சோதனை செய்யப்படுகிறதா, வேலைக்குச் செல்லும் பெண்கள் வரக்கூடிய நேரத்தில் புறநோயாளர் பிரிவு திறந்திருக்கிறதா என்று கேட்டறிந்து, இல்லையெனில் மக்களின் கையெழுத்தோடு கோரிக்கை வைக்கலாம். முற்போக்கு மருத்துவர்களின் துணையோடு பள்ளிகளில் முகாம் நடத்தலாம். ஸ்டீராய்டுக் கலவைகள் முற்றாகத் தடைசெய்யப்பட வேண்டும், கலவையின் பெயரால் விலைக் கட்டுப்பாட்டிலிருந்து தப்பும் சந்து அடைக்கப்பட வேண்டும் என்னும் கோரிக்கைகளை நமது மக்கள் நல்வாழ்வு இயக்கங்களின் பட்டியலில் சேர்க்கலாம். மருந்துக் கடை ஊழியர்களைப் பகைவர்களாகக் கருதாமல் அவர்களோடு பேச வேண்டும். விற்பனை இலக்கும் சொற்பச் சம்பளமும் அவர்களையும் நெருக்குகின்றன. உண்மை தெரிந்தால் அவர்களில் பலர் நம் பக்கம் நிற்பர்.

இவற்றுக்கெல்லாம் முன்னதாக, இந்த வாரமே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. இதழ் விற்கவும் சந்தா சேர்க்கவும் நாம் படியேறும் வீடுகளில், அலமாரியில் இருக்கும் களிம்புக் குழாயை எடுத்து வரச் சொல்லி, அதன் சேர்மானத்தைத் தாய்மொழியில் உரக்கப் படித்துக் காட்டுவோம். அதில் ஸ்டீராய்டு இருந்தால், குழந்தைக்கு அதை இனித் தடவ வேண்டாம் என்று சொல்வோம். நெடுநாள் தடவி வந்திருந்தால், சில நாள் அரிப்பு கூடும் என்பதையும் மறைக்காமல் கூறி, அந்தத் தாயோடு நாமும் மருத்துவமனைக்குச் செல்வோம்.